குமரித் துறையும் பகவதி அம்மன் கோயிலும்: யாத்திரை உரிமை குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கன்னியாகுமரி பகவதி அம்மன் கோயில் யாத்திரை ஈராயிரம் ஆண்டுத் தொன்மையுடையது என்பர். அத்தொன்மை கடல் நீராடலுக்கு உரியதா, கருவறை வழிபாட்டிற்கு உரியதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நீராடல் சான்றுகள்

கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான 'எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்', எஞ்சிய வாழ்நாளை நோன்பில் கழிக்க விரும்பிய ஆடவர் குமரியில் நீராடித் துறவு மேற்கொண்டனர் என்றும், பெண்டிரும் அவ்வாறே செய்தனர் என்றும் கூறுகிறது. பெண் தெய்வம் ஒன்று முன்னர் அங்கு உறைந்து நீராடியது என்ற நம்பிக்கையே அதற்குக் காரணமாகச் சுட்டப்படுகிறது. சிலப்பதிகாரத்தில் மாடலன் குமரியாடி மீள்கிறான். மணிமேகலையில் வாரணாசியைச் சேர்ந்த சாலி, தன் பிழைக்குக் கழுவாய் தேடிக் குமரியாட வருகிறாள். வழியில் ஆபுத்திரனை ஈன்று விட்டுச் செல்கிறாள். இம்மூன்று சான்றுகளிலும் முதன்மை பெறுவது நீர்த்துறையே. கோயில் நுழைவு பேசப்படவில்லை.

எனினும், துறை அனைவர்க்கும் பொதுவாக இருந்தது என்று இவற்றைக் கொண்டு முடிவு செய்தல் தகாது. மாடலனும் சாலியும் அந்தணர் குலத்தவர். பெரிப்ளூஸ் ஆண், பெண் எனப் பிரித்துக் காட்டுகிறதேயன்றிக் குலம் குறித்து எதுவும் கூறவில்லை.

கோயில் நுழைவு

திருவிதாங்கூர் ஆட்சியில் ஒடுக்கப்பட்ட சாதியினர்க்குக் கோயில் நுழைவு பிறப்பின் அடிப்படையில் மறுக்கப்பட்டது. 1925இல் வைக்கம் போராட்டத்தையொட்டி வந்த காந்தியடிகள் குமரிக் கோயிலுக்கும் சென்றார். இங்கிலாந்து சென்று வந்தவர் என்பதால் அவர் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. கடலில் நீராடுதல் புண்ணியமாகக் கருதப்பட்ட தலத்திலேயே கடல் கடந்தமை குற்றமாயிற்று.

1936 நவம்பர் 12 அன்று மன்னர் சித்திரைத் திருநாள் பலராம வர்மா வெளியிட்ட கோயில் நுழைவுப் பிரகடனம், அரசின் கட்டுப்பாட்டிலிருந்த கோயில்களை இந்துக்கள் அனைவர்க்கும் திறந்தது. 1937 சனவரியில் மீண்டும் வந்த காந்தியடிகள், திருவிதாங்கூர்க் கோயில்களுக்குள் மக்களுடன் சென்று வழிபட்டார்.

முடிவுரை

குமரி யாத்திரையின் ஈராயிரம் ஆண்டுத் தொன்மைக்குச் சான்றாவது நீராடலே. கருவறை முன் நின்று வழிபடும் உரிமையோ பெரும்பான்மை மக்களுக்கு 1936இல்தான் கிட்டியது. இவ்விரு வரலாறுகளையும் ஒன்றாக்கி 'இடையறாத யாத்திரை மரபு' என்று எழுதும்போது, வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டோரின் வரலாறு மறைந்துவிடுகிறது. தல வரலாறு எழுதுவோர் துறையையும் கருவறையையும் பிரித்து நோக்குதல் இன்றியமையாதது.