எட்டாம் வகுப்போடு நின்றுபோகும் இரண்டு: மும்பைத் தமிழ் மாணவரின் உணவு இடைவேளையும் மன்றமும்

மும்பைத் தமிழரின் கல்வி வரலாற்றை எழுதுவோர் பள்ளிகளின் எண்ணிக்கை, பயிற்றுமொழி, தேர்ச்சி விகிதம் ஆகியவற்றையே பெரிதும் ஆராய்கின்றனர். பாடவேளைகளுக்கு வெளியே உள்ள நேரம், அதாவது உணவு இடைவேளையும் மாணவர் மன்றங்களும், அவ்வளவாகக் கவனம் பெறுவதில்லை. மொழியியல் நோக்கில் அந்த நேரமே முதன்மையானது என்று கருதுகிறேன். ஒரு மொழி பாடத்திட்டத்திலிருந்து விலகிய பின்னும் பள்ளிக்குள் எங்கே வாழ்கிறது, எந்த வடிவில் வாழ்கிறது என்ற கேள்விக்கு விடை அங்குதான் உள்ளது.

மும்பைத் தமிழ் மாணவர் என்ற ஒற்றை வகை எக்காலத்திலும் இருந்ததில்லை. மாட்டுங்காவில் 1932இல் தொடங்கப்பட்ட தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளி, அலுவலகப் பணிக்கு வந்த குடும்பங்களின் தேவையை ஒட்டி வளர்ந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களின் பிள்ளைகள் தாராவியில் மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளில் படித்தனர். டோம்பிவிலியின் கதை வேறு. 1854இல் கல்யாண் வரை நீண்ட இருப்புப்பாதை அவ்வூர் வழியாகச் செல்கிறது. நகருக்குள் வீட்டு விலை எட்டாதபோது, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருந்த தமிழ்க் குடும்பங்கள் பல அத்தடத்தைப் பற்றி இங்கு வந்தன. இவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலவழிப் பள்ளிகளிலேயே சேர்ந்தனர்.

இம்மூவரும் ஒன்றுபடும் இடம் உயர்நிலைப் பள்ளி. 1956இல் ஏழாம் திருத்தத்தின் வழி அரசமைப்பில் சேர்ந்த 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்க வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது; ஆனால் தொடக்கநிலைக்கு மட்டுமே. மகாராட்டிரத்தில் தொடக்கக் கல்வி நெடுங்காலம் ஏழாம் வகுப்பு வரையிலானது. ஆகவே பெரும்பாலான மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் தமிழ்வழிக் கல்வி அவ்வெல்லையிலேயே முடிந்தது. அதற்கு மேல் படிக்க விரும்பிய தாராவி மாணவர் வேறு பயிற்றுமொழிக்கு மாறவேண்டும். இல்லையேல் படிப்பை விடவேண்டும்.

உணவின் எல்லையும் ஏறத்தாழ அதுவே. சென்னை மாநகராட்சி 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில், தியாகராயச் செட்டியார் தலைவராக இருந்த காலத்தில், மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்கத் தொடங்கியது. தமிழ்நாட்டின் சத்துணவுத் திட்டம் 1982 சூலை 1 அன்று தொடங்கி, 1984இல் பத்தாம் வகுப்பு வரை நீண்டது. தேசியத் திட்டம் 1995இல்தான் வந்தது. அப்போதும் பல மாநிலங்கள் சமைத்த உணவைத் தரவில்லை. மாதம் மூன்று கிலோ தானியத்தையே வழங்கின. சமைத்த உணவைக் கட்டாயமாக்கியது 2001 நவம்பர் 28ஆம் நாளிட்ட உச்ச நீதிமன்ற ஆணை. பின்னர் அது எட்டாம் வகுப்பு வரை விரிந்து அங்கேயே நின்றது. கல்வி உரிமைச் சட்டமும் பதினான்கு வயதையே எல்லையாகக் கொண்டது. திருநெல்வேலியில் ஒன்பதாம் வகுப்பு மாணவிக்குக் கிடைக்கும் மதியச் சோறு, தாராவிக்குக் குடிபெயர்ந்த அவளுடைய உறவுக்காரப் பெண்ணுக்குத் திட்டப்படி கிடையாது.

எனவே உயர்நிலைப் பள்ளியில் உணவு வீட்டிலிருந்து வருகிறது. அதனுடன் வீட்டு மொழியும் வருகிறது. மும்பைப் பள்ளிகள் பல இரண்டு நேரமுறைகளில் இயங்குவதால், காலை நேரமுறை மாணவருக்கு உணவு இடைவேளை நண்பகலுக்கு முன்பே வந்துவிடும். மராத்தியில் அதன் பெயர் ‘மத்லி சுட்டி’, நடு இடைவேளை. ‘டப்பா’ என்பது தமிழ்நாட்டில் ஏதேனும் ஒரு கலத்தைக் குறிக்கும். மும்பைத் தமிழில் அதிலுள்ள உணவையும் சேர்த்தே குறிக்கும். வகுப்பில் ஆங்கிலமும் மராத்தியும் இந்தியும் பேசிய மாணவர், புளிச்சோற்றைப் பகிரும்போது தமிழுக்கு மாறுவது இயல்பு. டப்பா சாதியையும் வட்டாரத்தையும் வெளிப்படுத்தும் என்பதையும் மறக்கலாகாது. யார் யாருடன் உட்கார்ந்தார் என்பதைக் கேட்காமல் இந்த இடைவேளையின் வரலாற்றை எழுத இயலாது.

ஆனால் அங்கு வாழ்வது பேச்சுத்தமிழ் மட்டுமே. 1959இல் ஃபெர்குசன் இரட்டை வழக்கு குறித்து எழுதிய கட்டுரையின் வரையறை தமிழுக்கு நன்கு பொருந்தும்: உயர்வழக்கு எவருக்கும் தாய்வழி வருவதில்லை, அதைப் பயிற்சியால்தான் பெறவேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அப்பயிற்சி பாடநூலோடு முடியவில்லை. இலக்கிய மன்றக் கூட்டம், பேச்சுப் போட்டி, கையெழுத்துப் பத்திரிகை, ஆண்டுவிழா நாடகம் ஆகியவற்றில்தான் மாணவர் செந்தமிழைத் தம் வாயால் பேசிப் பழகினர். திராவிட இயக்க மேடைத்தமிழைப் பெர்னார்ட் பேட் விரிவாக ஆராய்ந்துள்ளார். அம்மேடைக்குப் பேச்சாளரையும் கேட்போரையும் ஆயத்தப்படுத்தியதில் பள்ளி மன்றத்திற்கும் பங்குண்டு என்பது என் கருத்து.

மும்பையின் உயர்நிலைப் பள்ளிகளிலும் மன்றங்கள் உண்டு: சாரணர் இயக்கம், தேசிய மாணவர் படை, ஆர்எஸ்பி எனப்படும் சாலைப் பாதுகாப்பு அணி, ‘கேதரிங்’ என்றழைக்கப்படும் ஆண்டுவிழா. இவற்றின் மொழி மராத்தி, இந்தி, ஆங்கிலம். தமிழில் மேடையேற விரும்பிய மாணவர் பள்ளிக்கு வெளியே தமிழ்ச் சங்கங்களின் திருக்குறள் போட்டிகளை நாடவேண்டியிருந்தது. விளைவு, தமிழ் சரளமாகப் பேசியும் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தலைமுறை.

2025 ஏப்ரலில் மகாராட்டிர அரசு இந்தியை முதல் வகுப்பிலிருந்தே மூன்றாம் மொழியாக்க ஆணையிட்டு, எதிர்ப்பைத் தொடர்ந்து சூன் 29இல் திரும்பப் பெற்றது. ‘மூன்றாம் மொழி’ எனப்பட்டது தமிழ்க் குழந்தைக்கு உண்மையில் நான்காம் மொழி. மாநில மொழியை 2020ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியதில் நியாயம் உண்டு. தமிழ்நாட்டில் தமிழுக்கு நாம் கேட்பதும் அதுவே. ஆகவே இங்கு இன்னொரு பாடத்தைச் சேர்க்கக் கோருவதைவிட, வாரத்தில் ஒரு மணி நேரம் தாய்மொழி மன்றம் கோருவதே எளிது, நேர்மையானதும்கூட. அதற்குத் தேர்வு வேண்டாம். தமிழ் எழுதத் தெரிந்த ஒருவரும் ஒரு வகுப்பறையும் போதும். தெலுங்கு, கன்னட மாணவருக்கும் அதே உரிமை அமையவேண்டும்.

டோம்பிவிலி, செம்பூர், தாராவிப் பள்ளிகளில் 1970 முதல் 2000 வரை பயின்றோர் இதைப் படித்தால் ஓர் உதவி செய்யவேண்டும். இடைவேளையில் எம்மொழியில் பேசினீர்கள், யாருடன் உண்டீர்கள், தமிழ் மன்றம் ஏதேனும் இருந்ததா என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். பழைய ஆண்டுமலரோ கையெழுத்துப் பத்திரிகையோ பரணில் இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இந்த வரலாற்றுக்கு வேறு ஆவணக் காப்பகம் இல்லை.