கண் தாவும் கணக்கு

1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. அன்றிலிருந்து நம் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுப் பேச்சு தமிழ், பள்ளி எழுத்து தெலுங்கு என்றாகிவிட்டது. திருமலைக் கோயில் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில்தான் உள்ளன. அவற்றின் பக்கத்திலேயே நின்றாலும் நம்ம பிள்ளைங்க பலருக்கு அவை வெறும் கோடும் சுழியும்தான். கண் பார்க்கிறது, மூளை அடையாளம் காண்பதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நடப்பதை அறிஞர்கள் கண்டுகொண்ட வரலாற்றை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன்.

படிக்கும்போது கண் வரியின் மேல் சீராக ஓடுகிறது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1879-இல் பாரிஸ் கண் மருத்துவர் எமில் ஜவாலின் ஆய்வுக்கூடத்திலும், ஜெர்மன் அறிஞர் ஏவால்ட் ஹெரிங்கின் சோதனையிலும் உண்மை வெளிப்பட்டது. கண் ஓடுவதில்லை, தாவுகிறது. விழித்திரையின் நடுவே ஒரு சிறு குழியில்தான் நுட்பமான பார்வை உண்டு. அதனால் கண் ஓரிடத்தில் ஏறத்தாழ கால் விநாடி நின்று எழுத்தைப் பிடித்து, அடுத்த இடத்துக்குக் குதிக்கிறது. குதிக்கும் நேரத்தில் எழுத்து எதுவும் தெரிவதில்லை. வீட்டில் யாராவது படிக்கும்போது எதிரே உட்கார்ந்து அவர் கருவிழியைப் பாருங்களேன், அது துள்ளுவது தெரியும்.

இந்தத் தாவலுக்கு எஜமான் யார்? சோவியத் அறிஞர் ஆல்ஃபிரட் யார்பஸ், ரெப்பின் வரைந்த ஓர் ஓவியத்தைக் காட்டிக் கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்டார். அவர்களுடைய வயது என்ன என்று கேட்டால் கண் முகங்களுக்குப் போயிற்று. வசதி எப்படி என்று கேட்டால் உடைக்கும் பொருள்களுக்கும் போயிற்று. படம் ஒன்றேதான், கண் போன வழி வேறு. 1967-இல் அவர் நூல் ஆங்கிலத்தில் வந்தபின் இது உலகறிந்த செய்தியாயிற்று.

அடையாளம் காணும் இடம் மூளைக்குள் இருக்கிறது என்பதற்கு அதற்கு முன்பே சான்று கிடைத்திருந்தது. 1892-இல் பிரெஞ்சு மருத்துவர் டெஜரீன் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அவருக்குப் பார்வை இருந்தது, பேச்சு இருந்தது, எழுதவும் முடிந்தது. ஆனால் தாம் எழுதியதைத் தாமே படிக்க முடியவில்லை. பக்கவாதம் அந்த ஒரு வழியை மட்டும் அடைத்துவிட்டது.

நமக்கு மிக நெருங்கிய ஆய்வு, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எஸ்.பி. அருண் குழுவினர் 2019-இல் வெளியிட்டது. தெலுங்கு படிப்பவர்களையும் மலையாளம் படிப்பவர்களையும் வைத்து, எழுத்துச் சேர்க்கைகளைக் கண் எப்படிப் பிரித்தறிகிறது என்று சோதித்தார்கள். பழகிய லிபியில் ஒரு சேர்க்கை, அதன் தனித்தனி எழுத்துகளின் கூட்டாகவே தெளிவாகத் தெரிகிறது. பழகாத லிபியில் அந்தத் தெளிவு குறைகிறது. தமிழில் 247 எழுத்து என்று மிரள வேண்டாம். அவை சில வடிவங்களும் துணைக்குறிகளும் சேர்ந்த கூட்டுதான்.

"இனிமே எங்க சார் படிக்கறது, வயசாயிடுச்சு" என்பவர்களுக்கும் ஒரு சேதி உண்டு. லக்னோ அருகே எழுத்தறியாத, முப்பது வயதை ஒட்டியவர்களுக்கு ஆறு மாதம் இந்தி எழுத்து கற்றுக்கொடுத்து மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். ஆய்வு சிறியது, 2017-இல் வெளியானது. பார்வைப் புறணிக்கும், கண் தாவலை நடத்தும் மூளைத்தண்டுப் பகுதிக்கும் இடையிலான தொடர்பு வலுத்திருந்தது. வளர்ந்தவர் மூளையும் எழுத்துக்கு இடம் கொடுக்கிறது.

நம் பிள்ளைகளுக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது; பேச்சு காதில் இருக்கிறது, பொருள் தெரியும். உருவத்தை ஒலியோடு இணைப்பது ஒன்றுதான் பாக்கி. அதற்கு வேண்டியது பழக்கம். தினமும் ஒரு பக்கம், சங்கத்தில் வாரம் ஒரு எழுத்து வகுப்பு, பெரியவர்களுக்கும் சேர்த்து. இதை நாம் செய்யாவிட்டால், அடுத்த தலைமுறை தாத்தா பாட்டியின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, படித்துச் சொல்ல ஆள் தேட வேண்டியிருக்கும்.