உள்ளே திட்டுற குரலுக்கும் ஒரு வரலாறு இருக்கு

'மைண்ட்ஃபுல்னஸ்' என்ற சொல் இப்போ எல்லார் போன்லயும் இருக்கு. கண்ணை மூடு, மூச்சைக் கவனி, உன்மேல நீயே கொஞ்சம் கருணை காட்டு. நல்ல அறிவுரைதான். ஆனா இரத்தினபுரியிலோ கேகாலையிலோ ஒரு தோட்டத்து லயத்துல பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இது அப்படியே பொருந்துமா? பதில் சொல்றதுக்கு முன்னாடி, அந்தச் சொல் எங்கிருந்து வந்ததுன்னு பார்க்கணும். அதோட கதையில இலங்கைக்கும் ஒரு பங்கு இருக்கு.

1860களில் டி.டபிள்யூ. ரீஸ் டேவிட்ஸ் என்ற இளைஞர் பிரித்தானிய அரசின் அதிகாரியாக இலங்கைக்கு வந்தார். காலியிலும் அனுராதபுரத்திலும் வேலை பார்த்தார். இங்கேதான் ஒரு பிக்குவிடம் பாளி மொழி படித்தார். நாடு திரும்பிய பிறகு, 1881இல் வெளிவந்த தன் மொழிபெயர்ப்பில் 'சதி' என்ற பாளிச் சொல்லுக்கு 'மைண்ட்ஃபுல்னஸ்' என்று எழுதினார். வடமொழி 'ஸ்மிருதி'யின் பாளி வடிவம்தான் 'சதி'. நேர்ப்பொருள், நினைவு. சப்ரகமுவத் தோட்டங்களைச் சுற்றியுள்ள ஊர்களில் பேசும் சிங்களத்திலும் 'சிஹிய' என்றால் நினைவும் விழிப்பும் சேர்ந்ததுதான்.

1979இல் ஜான் கபாட்-ஜின் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் மன அழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சியாக இதை மாற்றினார். நிறையப் பேருக்கு உதவியது. ஆனா அங்கிருந்து உலகமெல்லாம் பரவும்போது 'இந்த நிமிஷத்தைக் கவனி' என்பது முன்னால வந்தது. 'நினைவு' பின்னால போயிடுச்சு.

ரீஸ் டேவிட்ஸ் பாளி படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே இங்கே மலைகள் மாறத் தொடங்கின. 1869இல் கோப்பியில் இலைநோய் வந்தது. கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன ரப்பர் விதைகளின் கன்றுகள் கம்பஹா ஹெனரத்கொடைக்கு வந்து சேர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்ந்த குன்றுகளில் ரப்பர் பரவியது. தேயிலை, ரப்பர் இரண்டுக்கும் ஆள் சேர்த்துக் கூட்டிவந்தவர்கள் கங்காணிமார். கூட்டிவரப்பட்டவர்கள் நம்ம பாட்டன் பூட்டிகள்.

இவங்க வேலை முழுக்க முழுக்கக் கவனத்தால ஆனது. விடியறதுக்குள்ள ரப்பர் மரத்துக்குப் போகணும்; வெயில் ஏறினா பால் குறையும். பட்டையை மில்லிமீட்டர் கணக்கில் சீவணும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். கொழுந்து எடுக்கிறவருக்கு இரண்டு இலை, ஒரு மொட்டு. காலுக்குக் கீழே சரிவு, அட்டை, பாம்பு. ஆக, தோட்டத்துக்காரருக்கு யாரும் புதுசா வந்து 'கவனி'ன்னு கத்துக்கொடுக்க வேண்டியதில்லை. கவனம் அவங்க கையிலயே இருந்தது. ஆனா அது மரத்துக்கும் செடிக்கும் போச்சு, உடம்புக்கும் மனசுக்கும் திரும்பி வரல. பல தோட்டங்களில் ரப்பர் மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவார்கள். மரம் ஓய்வெடுக்கும் நாளில், அதை வெட்டியவர் அடுத்த மலையில் நிற்பார்.

வேலை முடிந்ததும் தராசு. கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான். 'இன்னைக்கு நீ பாதி ஆள்' என்று ஒரு மனுஷியிடம் கணக்குப் புத்தகம் சொல்கிறது. இதைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த வீட்டில், பரீட்சையில் ஒரு பாடம் போனதும் 'நீ எதுக்கும் லாயக்கில்லை' என்று மனசுக்குள் ஒரு குரல் கேட்டால் அதில் ஆச்சரியம் என்ன?

அந்தக் குரலுக்கு வலு சேர்த்த தேதிகளும் உண்டு. 1948இல் குடியுரிமைச் சட்டம். 1949இல் வாக்குரிமையும் போனது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகள் ஆட்களைப் பங்கு பிரித்தன. மிச்சம் 1,50,000 பேரைப் 'பிறகு பார்க்கலாம்' என்று விட்டார்கள். 1977 ஆகஸ்ட்டிலும் 1981 ஆகஸ்ட்டிலும் வன்முறை. 1981இல் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன. 1977க்குப் பிறகு மலையகத்திலிருந்து பலர் வவுனியாப் பக்கம் போய்க் குடியேறினார்கள். குடியுரிமைச் சிக்கலை முடிக்கும் சட்டம் வந்தது 2003இல்தான்.

அதே 2003இல் அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் தன்மேல் காட்டும் கருணை பற்றிய ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார். அவர் சொல்வது மூன்று விஷயம்: தன்னைத் திட்டாமல் கனிவாக நடத்துவது, இது எனக்கு மட்டும் நடப்பதில்லை என்று உணர்வது, வலியை மறைக்காமலும் பெரிதாக்காமலும் கவனிப்பது. இதில் இரண்டாவதுதான் நமக்கு முக்கியம். 'எல்லா மனுஷருக்கும் கஷ்டம் உண்டு' என்று பொதுவாகச் சொன்னால் நம்ம மனசு ஏத்துக்காது. 'தோட்டக்காட்டான்' என்ற ஏச்சு எல்லார்மேலும் விழவில்லையே! 'என் வெட்கத்துக்குப் பின்னால ஒரு சட்டம் இருந்தது, ஒரு தராசு இருந்தது, அதே வெட்கத்தை என் அம்மாச்சியும் சுமந்தாங்க' என்று தெரிந்தால், அது வேற மாதிரி. குற்றம் நம்ம தலையிலிருந்து இறங்கி, இருக்க வேண்டிய இடத்துக்குப் போகும். சதியின் பழைய பொருளான 'நினைவு' இங்கேதான் வேலை செய்யுது.

அன்றாடம் இதை எப்படிச் செய்வது? தனியாக நேரமோ, அமைதியான அறையோ வேண்டாம். லயத்தில் அது கிடைக்கவும் கிடைக்காது. தண்ணி எடுக்கப் போகும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, உள்ளே அந்தக் குரல் எழும்பினால் மூன்று கேள்வி கேளுங்க. இப்போ என் உடம்புல எங்க இறுகுது? இந்த வார்த்தையை முதல்ல யார் வாயில கேட்டேன்? இதே நிலையில என் கூட்டாளி இருந்தா அவளுக்கு என்ன சொல்லுவேன்? இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியலைன்னா வீட்டுல பெரியவங்ககிட்ட கேளுங்க. ஒரு பழைய கதை வெளியே வரும். சில சமயம் சொல்றவங்களுக்கும் அது ஆறுதலாக இருக்கும். சொல்ல விரும்பலைன்னா விட்டுடுங்க, அதுவும் கருணைதான்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கக் கூடாது. மூச்சைக் கவனிச்சா சம்பளம் கூடாது, லயத்துக் கூரை ஒழுகுறது நிக்காது. 'மனசை அமைதியாக்கு' என்று சொல்லி, கேட்க வேண்டியதைக் கேட்க விடாமல் செய்கிறவர்கள் இருந்தால் உஷாராக இருங்கள். நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆக 2021 மார்ச் வரை பல வருஷம் போராட வேண்டியிருந்தது. தன்னை வெறுக்காத ஆள்தான் அவ்வளவு காலம் நின்று கேட்க முடியும். தாங்க முடியாத அளவுக்குப் போனால் தனியாகச் சுமக்காதீங்க; 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு அழைக்கலாம்.

மலையகத்துக்கு 200 வருஷம் என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தார்கள். முன்னோர் வந்த வழியில், அந்த வழியில் செத்துப்போனவங்களை நினைச்சு, ஒவ்வொரு அடியாக. கவனமும் நினைவும் அந்த நடையில் ஒன்றாக இருந்தன. அதுபோல, இரத்தினபுரியிலோ கேகாலையிலோ உங்க தோட்டத்துக் கதையைத் தெரிஞ்ச ஒரு பெரியவர் இன்னும் இருப்பார். இந்த வாரம் அவர் பக்கத்துல போய் உட்காருங்க.