17 சட்டகங்கள்

2009 செப்டம்பர். திருவல்லிக்கேணி ஜாம்பஜார் பக்கத்து மாடியறை ஒன்றில், நண்பரின் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு முன்னால் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். ஆகஸ்ட் 25 அன்று பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பிய வீடியோ எங்கள் கைக்கு வந்திருந்தது. கைகளும் கண்களும் கட்டப்பட்டு நிர்வாணமாக்கப்பட்டவர்களை, இலங்கை ராணுவச் சீருடையில் இருப்பவர்கள் சுட்டுக்கொல்கிற காட்சி. ஒரு நிமிஷத்துக்குச் சற்றே கூடுதல். செல்போனில் எடுத்தது. துண்டறிக்கைக்கு அதிலிருந்து ஒரு படம் வேணும், அவ்வளவுதான்.

வீடியோவை நிறுத்தி, பிரிண்ட் ஸ்கிரீன் பொத்தானை அழுத்தி, பெயிண்ட்டில் ஒட்டினோம். படம் வந்தது. இதுல என்ன கூத்துன்னா, பிளேயரை ஓடவிட்டதும் ஒட்டின படமும் ஓடுது! பிளேயரை மூடினால் அந்த இடத்தில் வெறும் கறுப்புச் சதுரம். அந்தக் காலக் கம்ப்யூட்டர்களில் பிளேயர் திரையில் ஒரு ஓட்டையை மட்டும் வைக்கும். வீடியோ அட்டை தனியாக வந்து அதை நிரப்பும். நாங்கள் பிடித்தது ஓட்டையைத்தான். பிறகு விஎல்சி என்கிற இலவச பிளேயரை இறக்கி, அதிலிருந்த ஸ்னாப்ஷாட் வசதியால் எடுத்தோம்.

ரோலான் பார்த் 1970இல் ஐசன்ஸ்டைன் படங்களின் நிழற்படங்களை வைத்து எழுதிய கட்டுரையில், சினிமாவின் சாரம் ஓட்டத்தில் இல்லை, நிறுத்திய சட்டகத்தில்தான் இருக்கிறது என்று வாதிட்டார். அவருக்குச் சொல்வது எளிது. அவர் கையில் இருந்தது பிலிம். தியேட்டர் வாசலில் பொறுக்கின பிலிம் துண்டைத் தண்ணீர் நிரப்பின பல்புக்கு முன்னால் பிடித்து, வெயிலைப் பாய்ச்சிச் சுவரில் படம் காட்டின பிள்ளைகளுக்கும் தெரியும்: அந்தத் துண்டு ஒவ்வொன்றும் முழுசான ஒரு போட்டோ. செல்போன் வீடியோவில் அப்படியில்லை. எப்போதாவது ஒரு சட்டகம்தான் முழுசாக இருக்கும். மற்றவை அக்கம்பக்கத்துச் சட்டகங்களிலிருந்து என்ன மாறியது என்கிற கணக்கு மட்டுமே. ஆக, நாம் 'நிறுத்தி எடுக்கிற' படம் பெரும்பாலும் கம்ப்யூட்டர் அந்தக் கணத்தில் கூட்டிக்கழித்துத் தருகிற விடை.

இந்த அரசியலை நாம் முன்பே பார்த்திருக்கிறோம், பக்கத்து மயிலாப்பூரில். 2001 ஜூன் 30 அதிகாலை, ஆலிவர் சாலை வீட்டில் 77 வயது கருணாநிதி கைதுசெய்யப்பட்ட காட்சியை சன் டிவி திரும்பத் திரும்பப் போட்டது. ஜெயா டிவியோ போலீஸ்காரர்கள் தாக்கப்படுவதாக வேறு காட்சிகளைக் காட்டியது. ஒரே ராத்திரி, இரண்டு வெட்டு. டிவியிலிருந்து பிடித்த படங்கள்தான் அச்சில் ஏறின. பழைய தொலைக்காட்சி ஒற்றைக் கோடுகளை ஒரு தரம், இரட்டைக் கோடுகளை ஒரு தரம் என இரண்டு அரைப்படங்களாக வரையும். அதற்குள் கை அசைந்துவிட்டால், நிறுத்தின படத்தில் அந்தக் கையின் விளிம்பு சீப்புப் பல் மாதிரி பிசிறும். எந்தச் சட்டகத்தை எடுப்பது என்பதில்தான் யார் தாக்கினார், யார் தாக்கப்பட்டார் என்பதே இருந்தது.

எங்களுக்கும் அதே சண்டை. 'துப்பாக்கி நீள்கிற இடத்தை எடுங்க தோழர்' என்றார் ஒருவர். 'விழுந்துகிடக்கிறவங்க வேணாம், அவங்களுக்கும் வீடு இருக்கு, அம்மா பாப்பாங்க' என்றார் இன்னொருவர். அவர் சொன்னதுதான் சரி என்று இன்று நினைக்கிறேன். அன்று துப்பாக்கி ஜெயித்தது. ஓரத்தை வெட்டினோம், இருட்டைக் கூட்டினோம். ஜெராக்ஸில் தெளிவாக விழணுமே. பிறகு, டிஸ்க்கில் இடமில்லையென்று வீடியோ அழிக்கப்பட்டது. நான்தான் அழித்தேன்.

2010 ஜனவரியில் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் மூன்று நிபுணர்களின் ஆய்வை வெளியிட்டார். தடயவியல் மருத்துவர் ஒருவர், வீடியோ ஆய்வாளர் ஒருவர், துப்பாக்கி நிபுணர் ஒருவர். இலங்கை அரசு போலி என்று சொன்ன வீடியோ உண்மையானதாகவே தெரிகிறது என்றார்கள். அவர்களால் விளக்க முடியாதவை மூன்றையும் மறைக்கவில்லை: சுடப்பட்டவர்கள் சிலரின் அசைவு, கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த 17 சட்டகங்கள், கோப்புக்குள் பதிவாகியிருந்த 2009 ஜூலை 17 என்ற தேதி. போர் முடிந்து இரண்டு மாதம் கழிந்த தேதி அது. இவை எதுவும் வீடியோ உண்மையானது என்ற முடிவுக்கு முரணல்ல என்றார் ஆல்ஸ்டன். அவருக்குப் பின் வந்த கிறிஸ்டோஃப் ஹெய்ன்ஸ், நீளமான பதிவை ஆராய்ந்து 2011இல் அதே முடிவுக்கு வந்தார்.

இந்த வாதப் பிரதிவாதத்தில் எங்கள் துண்டறிக்கைப் படத்துக்கு எந்த இடமும் இல்லை. அதில் அசைவு இல்லை, வெடிச்சத்தம் இல்லை, அந்த 17 சட்டகங்கள் இல்லை. பைகிராப்ட்ஸ் சாலையில் அதை வாங்கிப் பார்த்துவிட்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்ட பெரியவர் ஒருவரை எனக்கு நினைவிருக்கிறது. படம் அவரை உட்கார வைத்தது; அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் 'இது பொய்' என்று ஒருவன் எதிரில் வந்து நின்றிருந்தால், அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அவனிடம் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை.

அந்தப் படக் கோப்பு இன்னும் ஒரு குறுந்தகட்டில் இருக்கிறது. சமீபத்தில் திறந்து தேதியைப் பார்த்தேன். 2009 செப்டம்பர் என்று காட்டியது. கொலை நடந்த நாளில்லை, எங்கள் பெயிண்ட்டில் 'சேவ்' அழுத்தின நாள்.