கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி

வட சென்னையின் பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் ஸ்டான்லி மருத்துவமனையை அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் நெடுங்காலம் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றே சொல்லி வந்தார்கள். ஸ்டான்லி என்பது ஒரு கவர்னரின் பெயர். 1930களில் அங்கிருந்த மருத்துவப் பள்ளிக்குச் சூட்டப்பட்டது. 1938இல் பள்ளி கல்லூரியானது. கஞ்சித் தொட்டி அதற்கு ஒன்றரை நூற்றாண்டு மூத்தது. இந்த இடத்தின் வரலாற்றுக்கு ஊர் வைத்த பெயரே உண்மையான சாட்சி என்பது என் கட்சி. ஏழைகளுக்கான பெரிய மருத்துவமனை இங்கே மருந்தில் தொடங்கவில்லை, பசியில் தொடங்கியது.

1780இல் ஹைதர் அலியின் படை ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கியது. போரில் வயல்கள் அழிந்தன; பிழைத்தவர்கள் சென்னைப் பட்டணத்தை நோக்கி நடந்தார்கள். 1782இல் பஞ்சம் முற்றியபோது அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற எழுந்ததுதான் மணியக்காரர் சத்திரம். வெள்ளைக்காரர் நாவில் அது 'மோனிகர் சவுல்ட்ரி' ஆயிற்று. பல நாள் பட்டினி கிடந்த உடம்பு கஞ்சி கிடைத்ததும் தேறிவிடாது. வயிற்றுப்போக்கு நிற்காது, கால் வீங்கும், சின்னக் காயமும் ஆறாது. கஞ்சிக்கு வந்த வரிசையிலேயே நோயாளியும் நின்றார். 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே சிகிச்சைக்கு இடம் ஏற்படுத்தினார். முதலில் அடுப்பு, பிறகுதான் கட்டில்.

கோட்டைக்குள் 1664லேயே மருத்துவமனை இருந்ததே, அதுதானே இன்றைய அரசு பொது மருத்துவமனை (ஜி.எச்.) என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அது கிழக்கிந்தியக் கம்பெனியின் படைவீரர்களைக் காப்பாற்றப் பிறந்தது. சுற்றுவட்டார ஏழைக்கு அதன் கதவு பின்னால்தான் திறந்தது. கஞ்சி ஊற்றியது வெறும் தர்மம், அதை வைத்தியத்தோடு சேர்க்கலாமா என்பது இன்னும் கனமான மறுப்பு. இதற்கு விடை 1877இல் இருக்கிறது. தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், போதும் என்றார் இந்திய அரசு பஞ்சத்தைக் கவனிக்க அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள். மண் சுமப்பவருக்கு அது காணாது என்று விடாமல் எதிர்த்தவர் மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ். அவர் ஒரு மருத்துவர். சோற்றின் அளவு வைத்தியனின் கவலை என்பதை அவர் உணர்ந்திருந்தார். டெம்பிளின் கணக்கு கஜானாவைப் பார்த்தது, கார்னிஷின் கணக்கு உடம்பைப் பார்த்தது.

கஞ்சித் தொட்டியைக் கம்பெனியின் கருணை என்று புகழவும் முடியாது. ஆற்காட்டு வயல்களை அழித்த போரில் கம்பெனியும் ஒரு தரப்பு.

ஸ்டான்லி மருத்துவமனையின் பிற்கால வளர்ச்சியும் அதைச் சுற்றியிருந்த உழைப்பைத் தொட்டே நடந்தது. துறைமுகமும் ஆலைகளும் அச்சகங்களும் நிறைந்த வட சென்னையில் கை நசுங்கியவர்களும் விரல் துண்டானவர்களும் வந்துகொண்டே இருந்தார்கள். கை அறுவை சிகிச்சைக்கென்று தனித்துறை இங்கே வேரூன்றி நாடறியப் பெயர் பெற்றதற்கு டாக்டர் ஆர். வெங்கடசாமியின் திறமை ஒரு காரணம். இந்தப் பேட்டை மக்களின் பிழைப்பு இன்னொரு காரணம். கை போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. விரலை ஒட்டவைத்தவர்கள் உலையையும் காத்தார்கள்.

பெயர்ப் பலகை கவர்னருடையதாகவே இருக்கட்டும். பக்கத்தில் மணியக்காரர் சத்திரம் ஆதரவற்ற முதியோருக்குச் சோறு போடும் இடமாகத் தொடர்ந்தது. மருத்துவமனை வார்டுகளில் பாலும் ரொட்டியும் வரும் நேரத்தில் கட்டிலோரம் டம்ளர்கள் நீள்கின்றன.