டிராக் சூட் புரொஃபசர்

1983. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரம். சூதாட்டத்துக்குப் பேர்போன அந்த ஊரில் யூராலஜி டாக்டர்கள் மாநாடு. மாலை நேரச் சொற்பொழிவு. சில டாக்டர்கள் மனைவியோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பேச வந்தவர் லண்டன் புரொஃபசர் ஜைல்ஸ் பிரிண்ட்லி. வயது ஐம்பதைத் தாண்டியவர். உடை? தொளதொள டிராக் சூட்!

ஆண்மைக் குறைவுக்கு உறுப்பிலேயே நேரடியாக ஊசி போட்டால் பலன் உண்டு என்றார். வரிசையாகப் படங்கள் காட்டினார். எல்லாம் அவருடையதுதான்!

'இது மருந்தின் வேலையா, மனசின் வேலையா?' என்ற கேள்வி எழும் இல்லையா? அதற்கும் பதிலோடு வந்திருந்தார் மனுஷர். மேடையில் லெக்சர் அடிப்பது யாருக்கும் கிளுகிளுப்பான சமாச்சாரம் அல்லவே! ஓட்டல் அறையிலேயே ஊசி போட்டுக்கொண்டுதான் வந்திருப்பதாகச் சொன்னவர், டிராக் சூட்டை இறக்கியே காட்டிவிட்டார். அப்படியே முன்வரிசையை நோக்கி நடக்க, பெண்கள் அலற, சொற்பொழிவு அவசரமாக முடிந்தது.

சிரிப்பு வருகிறதா? ஆனால், அன்று உடைந்தது பெரிய நம்பிக்கை. அதுவரை 'எல்லாம் மனசுதான் காரணம்' என்று சொல்லியே பலரை வீட்டுக்கு அனுப்பி வந்தார்கள். உண்மையில் இது ரத்த ஓட்டக் கணக்கு. உறுப்புக்குள் இருக்கும் தசைகள் தளர்ந்தால் ரத்தம் நிரம்பும். சர்க்கரையும் சிகரெட்டும் ரத்தக் குழாயைக் கெடுத்தால் நிரம்பாது. முந்தைய வருடமே, பாரிஸில் ரொனால்ட் விராக் என்ற சர்ஜன், பாப்பாவெரின் ஊசியால் இதைச் சாதிக்கலாம் என்று 'லான்செட்' இதழில் எழுதியிருந்தார். அபினில் இருக்கும் பொருள்தான் பாப்பாவெரின். ஆனால், போதை தராது.

1995-ல் ஆல்ப்ரோஸ்டாடில் ஊசிக்கு அமெரிக்க அரசு அனுமதி தந்தது. வயாக்ரா வந்தது அதற்கப்புறம், 1998-ல். மாத்திரை பலிக்காதவர்களுக்கு இன்றைக்கும் ஊசி உண்டு.

ஆனால், புரொஃபசரைப் பார்த்து நீங்களே இறங்கிவிடாதீர்கள்! முதல் ஊசி டாக்டர் முன்னால்தான். அளவை அவர்தான் முடிவு செய்வார். பக்கவாட்டில், இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஒருநாளில் இரண்டாவது ஊசி கூடாது. விறைப்பு நாலு மணி நேரம் தாண்டினால் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 'விடியட்டும், வெட்கமா இருக்கு' என்று படுத்திருந்தால், தேங்கிய ரத்தத்தில் பிராணவாயு இல்லாமல் திசு செத்துப்போகும். அப்புறம் எந்த ஊசியும் பலிக்காமல் போகலாம்.

அந்தப் புரொஃபசர் ஒரு ஹால் நிறைய ஆட்கள் முன்னால் வெட்கத்தை விட்டார். நீங்கள் ஒரே ஒரு டாக்டர் முன்னால் விட்டால் போதும்!