நாகம்மாள் கேட்ட பங்கு

ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942இல் வெளிவந்த கொங்கு நாட்டுப் புதினம். கைம்பெண்ணான நாகம்மாள், கணவனுக்குரிய நிலப்பங்கைக் கொழுந்தன் சின்னப்பனிடம் கேட்கிறாள். கெட்டியப்பனோடு அவளுக்குள்ள உறவையே ஊர் பேசுகிறது. பங்கின் நியாயத்தைப் பேசுவாரில்லை. கதை கொலையில் முடிகிறது.

கூட்டுக்குடும்பத்துக் கைம்பெண்ணுக்கு முன்பு வாழ்பொருள் மட்டுமே உண்டு. கணவன் சொத்தில் அவளுக்குப் பங்களித்த 1937ஆம் ஆண்டுச் சட்டமும், மாகாணங்களின் வேளாண் நிலத்துக்குப் பொருந்தாதென 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் உரைத்தது. சென்னை மாகாணம் அவ்வுரிமையை விளைநிலத்துக்கும் நீட்டியது 1947இல்தான். சட்டம் தருவதற்கு ஐந்தாண்டு முன்பே நாகம்மாள் கேட்டுவிட்டாள்.

பத்தாண்டு கண்ட நம் வட்டத்தார் இப்புதினத்தை மீண்டும் பயில்க. அவள் ஒழுக்கத்தை எடைபோடுமுன் அவள் வழக்கைக் கேட்டல் வேண்டும்.